பழைய நாணயமும் ஈயக்குண்டும்: அமெரிக்கப் பொது இடங்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

மண்ணுக்குள் கிடக்கும் பழைய நாணயத்தையும் துப்பாக்கியின் ஈயக்குண்டையும் தேடி எடுக்க அமெரிக்காவில் மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்களில் பலர் முதலில் கருவியைப் பற்றியே படிக்கிறார்கள். எந்த நிறுவனத்தின் கருவி நல்லது, எத்தனை கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது, எவ்வளவு ஆழம் பார்க்கும் என்று இரவெல்லாம் காணொளிகளைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் வீட்டுக்கு அருகிலுள்ள பூங்காவில் போய் நிற்கிறார்கள். அந்தப் பூங்கா யாருடைய நிர்வாகத்தில் இருக்கிறது என்ற கேள்வி, காவலர் ஒருவர் வந்து விசாரிக்கும்போதுதான் அவர்களுக்கு எழுகிறது. இந்தப் பொழுதுபோக்கில் கருவிக்கு உள்ள பங்கு சிறியது என்பது என் கருத்து. நிலம் யாருடையது என்று அறிவதும், தோண்டிய இடம் தெரியாதபடி மூடுவதும்தான் பெரும்பங்கு வேலை. ஆகையால் அனுமதியிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்த நிலத்தில் தோண்டலாம்

பொதுமக்கள் தாராளமாக நுழையலாம் என்பதற்காக ஓரிடத்தில் தோண்டலாம் என்று ஆகிவிடாது. ஒரே ஊரின் எல்லைக்குள் நகராட்சிப் பூங்கா, கவுன்ட்டிப் பூங்கா, மாநிலப் பூங்கா, தேசியப் பூங்கா ஆகிய நான்கும் இருக்கக்கூடும். நான்குக்கும் விதிகள் வேறு வேறு. இவற்றுள் தேசியப் பூங்காத் துறையின் நிலங்களைப் பற்றி எந்த ஐயமும் வேண்டாம். அங்கே மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமன்று, கையில் வைத்திருப்பதே விதிமீறலாகும். அந்த நிலத்தின் வழியாகக் காரில் கடந்து செல்ல நேர்ந்தால்கூட, உடனே பயன்படுத்த முடியாதபடி கருவியைக் கழற்றிப் பொதிந்து வைத்திருக்க வேண்டும். கெட்டிஸ்பர்க், ஆன்டீட்டம், பீட்டர்ஸ்பர்க் போன்ற அமெரிக்க உள்நாட்டுப் போரின் (1861-65) களங்கள் எல்லாம் இந்தத் துறையின் கீழ்தான் வருகின்றன. வாஷிங்டன் நகரில் வசிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நேஷனல் மால் எனப்படும் பெரும் புல்வெளி மட்டுமல்லாமல், சாலைச் சந்திப்பில் உள்ள சின்னஞ்சிறு புல்தரைகளில் பலவும் இதே துறையின் பொறுப்பில் இருப்பதால், பார்வைக்கு நகராட்சிப் பூங்கா போலத் தோன்றுவது தேசியப் பூங்கா நிலமாக இருக்கும்.

கூட்டரசுக்கும் பழங்குடியினருக்கும் உரிய நிலங்களுக்கு 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். குறைந்தது 100 ஆண்டு பழமையும் தொல்லியல் மதிப்பும் உடைய பொருளை அனுமதியின்றி எடுப்பது இச்சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு 10,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். பொருளின் மதிப்பும் நிலத்தைச் சீரமைக்கும் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் அது 20,000 டாலர், ஈராண்டு என உயரும். நாணயம் தேடுவோர் இச்சட்டத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டுகிற ஒரு விலக்கு உண்டு. தொல்லியல் வளம் அல்லாத கல், நாணயம், துப்பாக்கிக்குண்டு, கனிமம் ஆகியவற்றைச் சொந்தச் சேகரிப்புக்காக எடுப்பதற்கு இச்சட்டம் பொருந்தாது என்பதே அது. இதை மட்டும் படித்துவிட்டுத் துள்ளுகிறவர்கள், சட்டத்தை ஒட்டிய விதியின் அடுத்த பகுதியைப் படிப்பதில்லை. தொல்லியல் வளத்தோடு நேரடியான தொடர்பில் கிடக்கும் நாணயமும் குண்டும் தொல்லியல் வளமாகவே கருதப்படும் என்று விதி சொல்கிறது. ஒரு பழைய படைமுகாமின் அடுப்புச் சாம்பலுக்கு அருகில் கிடக்கும் ஈயக்குண்டை இந்த விலக்கைக் காட்டி எடுத்துச் செல்ல இயலாது. அதுவுமன்றி, மேலே சொன்ன தேசியப் பூங்கா விதி இந்த விலக்கைப் பொருட்படுத்துவதே இல்லை.

தேசிய வனத்துறை சற்றுத் தாராளமானது. வரலாற்றுச் சின்னங்கள் இல்லாத பகுதிகளில், 50 ஆண்டுக்கு உட்பட்ட நாணயங்களையும் வரலாற்று மதிப்பு இல்லாத சிறு பொருள்களையும் கைக்கருவி கொண்டு தேடுவதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று அத்துறை கூறுகிறது. முகாம் தளங்களும் மக்கள் நீந்தும் நீர்க்கரைகளும் இதற்கு ஏற்றவை. மாநிலப் பூங்காக்களின் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் கடற்கரையில் மட்டும் விடுகின்றன, சில இடங்களில் பூங்கா அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டால் போதும்.

பழைய நாணயம் தேடுகிறவருக்கு உண்மையில் பயன்படுவது நகராட்சிப் பூங்காதான். நகரத்தின் விதித்தொகுப்பு பெரும்பாலும் இணையத்தில் இருக்கும். அதில் மெட்டல் டிடெக்டர் என்ற சொல்லை மட்டும் தேடினால் போதாது. புல்தரையைச் சேதப்படுத்துதல், மண்ணை அகழ்தல் என்னும் தலைப்புகளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பல ஊர்களில் கருவிக்குத் தடை இருக்காது, தோண்டுவதற்குத் தடை இருக்கும். நியூயார்க் நகரப் பூங்காக்களில் முன்கூட்டியே அனுமதிச்சீட்டு பெற வேண்டும். வேறு சில ஊர்களில் ஒரு திருப்புளியின் அளவை மீறாத கருவியால் மட்டுமே கிளறலாம் என்று வரம்பு கட்டியிருப்பார்கள். எதுவும் எழுதப்படாத ஊரில் பூங்காத் துறைக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. தொலைபேசியில் "தாராளமாகச் செய்யுங்கள்" என்று சொன்னவரின் பெயர் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. பள்ளி மைதானங்களுக்குப் பள்ளி மாவட்ட அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். பள்ளி நேரத்தில் அங்கே தலைகாட்டவே கூடாது.

கருவி

தொடக்கத்தில் 200 முதல் 300 டாலர் வரை விலையுள்ள கருவியே போதும். அமெரிக்காவின் கேரட், ஆஸ்திரேலியாவின் மைன்லேப், துருக்கியின் நோக்டா ஆகிய மூன்று நிறுவனங்களும் இந்த விலையை ஒட்டி நல்ல கருவிகளைத் தருகின்றன. கருவியின் தலைப்பகுதியில் உள்ள கம்பிச்சுருள் மாறுதிசைக் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, அது தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதை மற்றொரு சுருள் வாங்கிக்கொள்கிறது. வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் அவற்றின் மறுமொழி ஒரு விதமாகவும், இரும்பின் மறுமொழி வேறு விதமாகவும் வரும். அந்த வேறுபாட்டைத்தான் கருவி எண்ணாகத் திரையில் காட்டி, ஒலியாகக் காதில் சொல்கிறது. உப்புநீர் நனைத்த கடற்கரை மணலில் ஒற்றை அதிர்வெண் கருவிகள் தடுமாறும். அங்கே பல அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் இயங்கும் கருவியோ, காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் துடிப்புத் தூண்டல் (pulse induction) வகைக் கருவியோ வேண்டும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் புகழ்பெற்ற சோதனையே ஒரு துப்பாக்கிக்குண்டைத் தேடியதுதான். 1881 ஜூலை 2ஆம் நாள் சுடப்பட்ட அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசிக்குப் பேர்போன அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு தூண்டல் கருவியை எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குச் சென்றார். படுக்கையில் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின. குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டோ இடப்பக்கத்தில் இருந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்துபோனார். பூங்காவில் நிற்பவரும் இதே இரண்டு தவறுகளுக்கு ஆளாகிறார். இரும்பு பெஞ்சுக்கும் கம்பி வேலிக்கும் ஒட்டி ஆட்டினால் கருவி ஓயாமல் உளறும். முனையில் இரும்பு வைத்த காலணியும் அதையே செய்யும். நாணயம் இங்கேதான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு வந்தவர் பக்கத்து மரத்தடியைப் பார்க்காமலேயே திரும்பிப் போய்விடுவார்.

துணைக்கருவிகளில் பின்பாயின்டர் எனப்படும் கைக்கோல் இன்றியமையாதது. குழிக்குள் நீட்டினால் உலோகத்தை நெருங்கும்போது அதிரும். இது இல்லாதவர் தேவைக்கு மேல் பெரிய குழி தோண்டுவார். ஒரு பக்கம் ரம்பப் பல் வைத்த குறுகிய கைவாரி (கையால் மண் தோண்டும் சிறு கருவி), பழைய துண்டு, ஹெட்ஃபோன், இடுப்பில் கட்டும் இரட்டைப் பை ஆகியவை போதும். பையின் ஓர் அறை நாணயத்துக்கு, மற்றது குப்பைக்கு. குப்பை அறைதான் முதலில் நிரம்பும். பூங்காவுக்கு மண்வெட்டி கொண்டு போகவே கூடாது.

எங்கே நிற்பது

மக்கள் உட்கார்ந்த இடத்திலும், குனிந்த இடத்திலும், பணம் கைமாறிய இடத்திலும் நாணயம் விழும். நூறாண்டு பழமையான பூங்காவில் இன்றைய நடைபாதையை ஒட்டித் தேடினால் இன்றைய சில்லறைதான் கிடைக்கும். அன்றைய நடைபாதை எங்கே போயிற்று என்பதைக் கண்டறிய வேண்டும். இதற்கு இரண்டு கருவூலங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867 முதல் வரையப்பட்ட சான்போர்ன் வரைபடங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றில் ஒவ்வொரு கட்டடமும் அதன் சுவர் செங்கல்லா மரமா என்பது முதல் குறிக்கப்பட்டிருக்கும். நிலவியல் ஆய்வுத் துறையின் டோப்போவியூ தளத்தில் பழைய நிலவரைபடங்களைப் பதிவிறக்கி இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடலாம். இன்று வெறும் புல்வெளியாக உள்ள ஓரிடத்தில் 1910இல் இசைமேடையோ டிராம் நிறுத்தமோ இருந்ததாக வரைபடம் காட்டினால், அந்த நாளின் வேலை தீர்மானமாகிவிட்டது.

வரைபடம் கிடைக்காவிட்டால் மரங்களைப் பார்க்க வேண்டும். பூங்காவிலேயே பருத்த அடிமரத்தைச் சுற்றி, முற்பகலில் அதன் நிழல் விழும் பக்கத்தில் தொடங்கலாம். பனிக்காலத்தில் குழந்தைகள் சறுக்கி விளையாடும் சரிவின் அடிவாரம், பேஸ்பால் திடலின் பார்வையாளர் ஓரம், பழைய குடிநீர்க் குழாயடி ஆகியவையும் நல்ல இடங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் கொட்டி நிரவப்பட்ட பகுதியில் மட்டும் நேரத்தைச் செலவிட வேண்டாம். பழைய நிலமட்டம் கருவிக்கு எட்டாத ஆழத்தில் புதைந்திருக்கும். மரத்தின் வேர்க்கழுத்து மண்ணுக்கு வெளியே விரிந்து தெரியாமல், மின்கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், அங்கே மண் நிரப்பியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

ஃபுளோரிடாவின் கிழக்குக் கடற்கரைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1715 ஜூலை இறுதியில் வீசிய சூறாவளியில் வெள்ளி நாணயங்கள் ஏற்றிவந்த ஸ்பெயினின் 11 கப்பல்கள் அங்கே மூழ்கின. செபாஸ்டியன், வீரோ பீச் பகுதிகளில் பெரும்புயலுக்குப் பின் அந்த நாணயங்கள் கரை ஒதுங்குவது உண்டு. ஆனால் கடலுக்குள் கிடக்கும் கப்பல் எச்சங்களின்மீது பிறருக்கு உரிமை உண்டு என்பதால் நீருக்குள் இறங்கித் தேடக் கூடாது. மணல்மேடுகளிலும் அவற்றின் புல்லிலும் கால் வைக்கக் கூடாது.

ஒலியைப் படித்தல்

சுருளைத் தரைக்கு இணையாக, ஓர் அங்குலத்துக்கு மேல் உயராதபடி பிடித்து, நிதானமாக இடம் வலமாக வீச வேண்டும். புதியவர்கள் அனைவரும் வீச்சின் இரு முனைகளிலும் கையைத் தூக்கிவிடுகிறார்கள். அங்கே ஆழம் போய்விடுகிறது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதியாவது படிய வேண்டும். தொடங்குவதற்கு முன் சுருளைத் தரைக்கு மேல் நான்கைந்து முறை ஏற்றி இறக்கி, மண்ணிலுள்ள கனிமங்களுக்கு ஏற்பக் கருவியைச் சமன் செய்துகொள்வது அவசியம். வர்ஜீனியாவின் கல்பெப்பர் பகுதியைப் போல இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் இதைச் செய்யாதவருக்கு எதுவுமே கேட்காது. மின்கம்பிகளுக்குக் கீழே கருவி காரணமின்றிச் சிலிர்த்தால், உணர்திறனைக் குறைக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். மழை பெய்த மறுநாள் ஈரமண்ணில் ஒலியும் தெளிவாக வரும், புல்லும் பிழைக்கும்.

திரையில் வரும் எண்களின் அளவுகோல் கருவிக்குக் கருவி மாறினாலும் வரிசை மாறாது. இரும்பு அடியில், அதற்கு மேல் அலுமினியத் தாள், நிக்கல் எனப்படும் 5 சென்ட், குளிர்பான டப்பாவின் இழுவளையம், துத்தநாகச் சென்ட், அதற்கும் மேல் செம்புச் சென்ட்டும் டைம் எனப்படும் 10 சென்ட்டும், குவார்ட்டர் எனப்படும் 25 சென்ட்டும், உச்சியில் அரை டாலரும் வரும். சிக்கலெல்லாம் நடுவில்தான். 1960களிலும் 70களிலும் டப்பாவிலிருந்து கழற்றிப் புல்லில் வீசப்பட்ட வளையங்கள் ஒலிக்கும் அதே இடத்தில்தான் தங்க மோதிரமும் ஒலிக்கிறது, ஈயக்குண்டும் ஒலிக்கிறது. வளையங்களை வடிகட்டும் வசதியைப் பயன்படுத்துகிறவர் மோதிரத்தையும் குண்டையும் சேர்த்தே வடிகட்டிவிடுகிறார். வெள்ளி நாணயம் மட்டும் வேண்டுமானால் உயர்ந்த ஒலிகளை மட்டும் தோண்டலாம். குண்டு வேண்டுமானால் வளையம் பொறுக்குவதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டியதுதான், குறுக்குவழி இல்லை.

ஓர் ஒலி கேட்டதும் நின்று, அதன்மேல் குறுகலாக ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு காலை மாற்றி வைத்து, 90 பாகை திரும்பி மறுபடி ஆட்ட வேண்டும். இரு திசையிலும் ஒரே எண்ணும் ஒரே உருண்டையான ஒலியும் வந்தால் தோண்டலாம். ஒரு திசையில் உயர்ந்தும் மறுதிசையில் உடைந்து கரகரத்தும் வந்தால் வளைந்த ஆணியாகவோ சோடா மூடியாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். டைம் அளவுள்ள நாணயத்தை நடுத்தரக் கருவி 6 முதல் 8 அங்குலம் வரை கண்டுகொள்ளும். நாணயம் செங்குத்தாக நின்றிருந்தால் அதற்கும் குறைவு. ஆழமாக இருப்பதெல்லாம் பழையது என்று நம்ப வேண்டாம். எலி வளையில் விழுந்த சென்ட் ஒரே நாளில் அரை அடி இறங்கிவிடும்.

தோண்டுதலும் மூடுதலும்

முதலில் கைக்கோலைப் புல்லின் மேலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அதிர்ந்தால் பொருள் இரண்டு அங்குலத்துக்குள் இருக்கிறது. அதற்குக் குழியே தேவையில்லை. மழுங்கிய திருப்புளியை மெல்லச் செருகி, மண்ணைச் சற்றே பிளந்து, பொருளை மேலே நெம்பி எடுத்துவிட்டு விரலால் அழுத்தினால் வேலை முடிந்தது.

ஆழத்தில் இருந்தால், முழங்காலிட்டு, துண்டைக் குழிக்குப் பக்கத்தில் விரித்துக்கொண்டு, கைவாரியை நேர்செங்குத்தாக இறக்கி, ஏறத்தாழ நான்கு அங்குல அகலத்தில் மூன்று பக்கம் மட்டும் வெட்ட வேண்டும். நான்காவது பக்கம் கீல் போலத் தரையோடு ஒட்டியே இருக்கட்டும். முழுவதும் வெட்டி எடுத்த புல்வில்லையைப் புல்வெட்டும் இயந்திரம் உறிஞ்சித் தூக்கிவிடும், காக்கையும் அணிலும் புழுவுக்காகப் புரட்டிப் போட்டுவிடும். வெட்டின் ஆழம் நான்கைந்து அங்குலமாவது இருந்தால்தான் வேர்கள் மண்ணோடு சேர்ந்து வரும். மேலோட்டமாகச் சீவிய புல் ஒரு வாரத்தில் பழுத்துவிடும். பூங்காப் பணியாளரின் கண்ணில் படுவது அந்த மஞ்சள் வட்டங்கள்தான். அனுமதி ரத்தாவதற்கு அவை போதும்.

புல்லை மடித்ததும் கைக்கோலால் குழியையும் மடித்த பகுதியின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும், பாதி நேரம் நாணயம் அந்த அடிப்பக்கத்து மண்ணில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். உதிரி மண் முழுவதும் துண்டின் மேல்தான் விழ வேண்டும், புல்லின் மேல் அன்று. பொருள் கிடைத்த பின்பும் சுருளைக் குழியின் மேல் ஒருமுறை ஆட்ட வேண்டும், ஏனெனில் சட்டைப்பையிலிருந்து விழுந்த சில்லறை சேர்ந்தே விழுந்திருக்கும். பின்னர் துண்டின் நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மண்ணைக் குழிக்குள் கொட்டி, கையிலுள்ள தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, புல்லை மடக்கி, காலால் மிதித்து, மிதிபட்ட புல்லை விரலால் நிமிர்த்திவிட வேண்டும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் இடம் தெரியக் கூடாது. கோடையில் புல் காய்ந்து நிற்கும் வாரங்களில் எவ்வளவு திறமையாக வெட்டினாலும் அந்தப் புல் பிழைக்காது. அப்போது கடற்கரைக்கோ விளையாட்டுத் திடலின் மணல் பகுதிக்கோ போய்விடலாம். தெளிப்பு நீர்க்குழாயும் விளக்குக் கம்பியும் செல்லும் தடங்களில் எப்போதும் தோண்டக் கூடாது.

கையில் கிடைத்த நாணயம்

குழியில் வட்டமான விளிம்பு தெரிந்ததும் மண்ணைத் தேய்த்து ஆண்டைப் பார்க்கத்தான் விரல் பரபரக்கும். தேய்க்கக் கூடாது, மண்ணிலுள்ள மணல்துகள் அரம் போல வேலை செய்து, நூறாண்டு தாங்கிய முகத்தில் ஒரே நொடியில் கீறல் போட்டுவிடும். தண்ணீர் தெளித்து மண்ணைக் கரைய விட்டால் போதும். வெள்ளி பெரும்பாலும் வெண்மையாகவே வெளிவரும். செம்பு பச்சை படர்ந்திருக்கும். நிக்கல் செம்பழுப்பாக மாறியிருக்கும். 1982க்குப் பிந்தைய சென்ட்கள் செம்பு முலாம் பூசிய துத்தநாகம் என்பதால் அரித்துப் பொத்தலாகிக் கிடக்கும்.

டைம், குவார்ட்டர், அரை டாலர் ஆகியவை 1964 வரை 90 விழுக்காடு வெள்ளியால் ஆனவை. 1965 முதல் டைமும் குவார்ட்டரும் செம்பின் மேல் செம்பு நிக்கல் கலவை போர்த்தியவையாக மாறின. அரை டாலரில் மட்டும் 1970 வரை 40 விழுக்காடு வெள்ளி இருந்தது. 5 சென்ட் நாணயத்துக்கு எப்போதும் வெள்ளி கிடையாது என்று ஒதுக்கிவிடக் கூடாது. நிக்கல் உலோகம் போருக்குத் தேவைப்பட்டதால் 1942 முதல் 1945 வரை 35 விழுக்காடு வெள்ளி கலந்து அடித்தார்கள், அவற்றின் பின்புறத்தில் மாளிகைப் படத்துக்கு மேலே பெரிய எழுத்தொன்று இருக்கும். சென்ட்டின் பின்புறம் இரண்டு கோதுமைக் கதிர்கள் இருந்தால் அது 1909க்கும் 1958க்கும் இடைப்பட்டது. முகப்பில் இறகுத் தலையணி அணிந்த உருவம் இருந்தால் 1859க்கும் 1909க்கும் இடைப்பட்டது. கிழக்குக் கரை ஊர்களில் ஸ்பானிய வெள்ளி ரியால் கிடைத்தால் வியக்க வேண்டாம். 1857 வரை அயல்நாட்டு நாணயங்கள் அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியாயின.

பெயர் பொறித்த பட்டமளிப்பு மோதிரம் கிடைத்தால் அதை உரியவரிடம் சேர்ப்பது முறை. பள்ளியின் பெயரும் ஆண்டும் முதலெழுத்துகளும் அதிலேயே இருப்பதால் அந்தப் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தைக் கேட்டாலே பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடுவார். விலையுயர்ந்த பிற நகைகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும்.

ஈயக்குண்டுகள்

நகரப் பூங்காக்களில் கிடைப்பவை பெரும்பாலும் 0.22 அங்குலச் சிறு குண்டுகளும், வேட்டைத் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை அடிகளும்தான். தோட்டாக் கூட்டின் அடித்தட்டில் உள்ள எழுத்துகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் படைக்குத் தோட்டா செய்த ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதச்சாலை, 1877 முதல் ரைஃபிளுக்கு ஆர், கார்பைன் எனப்படும் குட்டை ரைஃபிளுக்கு சி, ஆலைக்கு எஃப் என்ற எழுத்துகளோடு மாதத்தையும் ஆண்டையும் பொறித்து அனுப்பியது. நாணயத்துக்கு நிகராகத் தேதி தாங்கிய பொருள் இது.

பலரும் தேடுவது உள்நாட்டுப் போர்க்கால மீனியே குண்டை. பிரெஞ்சுப் படை அதிகாரி கிளோது எத்தியன் மீனியே 1840களின் இறுதியில் உருவாக்கிய வடிவத்தை அமெரிக்கப் படை 1855இல் ஏற்றுக்கொண்டது. குண்டின் அடி குழிவாக இருக்கும். சுடும்போது எழும் வாயு அந்த விளிம்பை விரித்து, குழலின் சுருள்பள்ளங்களில் இறுகப் பிடிக்கச் செய்யும். ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கான 0.58 அங்குலக் குண்டில் மூன்று வளையப் பள்ளங்கள் காணப்படும். இங்கிலாந்திலிருந்து வந்த என்ஃபீல்டு துப்பாக்கிக்கானது வளையமின்றி வழவழப்பாக இருக்கும். மண்ணில் கிடந்த ஈயத்தின் மேல் வெண்சாம்பல் நிறப் படலம் படிந்திருப்பதால், புதிய தூண்டில் ஈயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

குண்டு சுடப்பட்டதா, கீழே விழுந்ததா என்று பார்க்க வேண்டும். சுடப்பட்டதன் பக்கங்களில் சுருள்பள்ளத்தின் சாய்வான கோடுகள் பதிந்திருக்கும். மோதியிருந்தால் மூக்கு நசுங்கியிருக்கும். முழு வடிவில் இருப்பவை முகாமில் சிப்பாயின் கையிலிருந்து நழுவியவை. பொழுது போகாமல் சதுரங்கக் காய்களாகச் செதுக்கப்பட்ட குண்டுகளும் உண்டு. பல் பதிந்த குண்டைக் காட்டி, மயக்க மருந்தின்றிக் காலை அறுத்தபோது வீரன் கடித்தது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பன்றிகள் மென்றவை என்பதே அனுபவமுள்ள சேகரிப்பாளர்களின் கருத்து.

இத்தகைய குண்டுகள் கிடைக்கக்கூடிய பொது நிலங்களில் பெரும்பகுதி தடை செய்யப்பட்டது என்பதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு நல்ல காரணமும் உண்டு. மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1983இல் பரவிய புல்தீக்குப் பின், தொல்லியலாளர் டக்ளஸ் ஸ்காட்டின் குழுவினர் மெட்டல் டிடெக்டர் பழகிய தன்னார்வலர்களை வரிசையாக நடக்க விட்டு, ஒலித்த ஒவ்வோரிடத்திலும் கொடி நட்டு, குண்டையும் தோட்டாக் கூட்டையும் கிடந்த இடத்தோடும் கிடந்த திசையோடும் பதிவு செய்தனர். தோட்டாவைத் தட்டி வெடிக்கச் செய்யும் சுடுமுள் கூடுகளில் பதித்த தடத்தை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதைக்கூடக் காட்டினர். 1876இல் பழங்குடியினருடன் நடந்த அந்தப் போரில் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டரின் படை அழிந்த விதம் பற்றிய பழைய கதைகள் பல அதனால் திருத்தம் பெற்றன. அந்தக் கூடுகளைச் சுற்றுலாப் பயணிகள் முன்பே பொறுக்கியிருந்தால் இது நடந்திருக்காது. நாமும் அனுமதி பெற்ற இடத்தில் ஒரு குண்டை எடுக்கும்போது கைபேசியில் இடத்தைக் குறித்து, ஆழத்தை எழுதி, தனித்தனி உறையில் போட வேண்டும். ஒரே சிறு பரப்பில் பல குண்டுகளோ பொத்தான்களோ அடுத்தடுத்துக் கிடைத்தால் தோண்டுவதை நிறுத்திவிட்டு மாநிலத் தொல்லியல் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதே சரி. இப்படிப்பட்ட ஆய்வுகளுக்குத் தன்னார்வலர்களை அவர்களே அழைப்பதும் உண்டு.

உருண்டையாகவோ கூம்பாகவோ கனத்த இரும்பு எதுவும் குழியில் தெரிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். உள்நாட்டுப் போர்க்கால வெடிகுண்டுகளில் மருந்து இன்னமும் உயிரோடு இருக்கிறது. 2008இல் வர்ஜீனியாவில் அனுபவம் மிக்க சேகரிப்பாளர் ஒருவர், தம் வீட்டு முற்றத்தில் அப்படியொரு குண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து உயிரிழந்தார். இடத்தைக் குறித்துக்கொண்டு, விலகிச் சென்று, 911ஐ அழைக்க வேண்டும். சுடப்படாத பழைய தோட்டாவையும் சூடாக்குவதோ பிரிப்பதோ கூடாது.

ஈயத்தின் வெண்படலம் அதற்குக் காப்பு. மென்மையான தூரிகையும் தண்ணீரும் தவிர வேறெதுவும் அதில் படக் கூடாது. ஓக் மரப்பெட்டியில் வைத்தால் மரத்திலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை மாவாக்கிவிடும் என்பதால் பாலித்தீன் உறையே நல்லது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கவும் கூடாது.

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கருவியைப் பெட்டியில் வைக்க நினைப்பவர்களுக்கு: இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவித்தாக வேண்டும். இலங்கையில் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி உரிமம் இன்றி அகழக் கூடாது. வடக்கிலும் கிழக்கிலும் மிதிவெடி அகற்றும் பணி நடந்துகொண்டிருக்கும் மண்ணில், ஒலி கேட்ட இடத்தில் கைவாரியை இறக்குவதைப் பற்றி நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.